மஞ்சள் எண் மூன்று

வெள்ளை சோல் வெள்ளையாக இருக்கக் கூடாதாம்.
நாற்பது வருஷம் எந்தப் பரணிலோ கிடந்ததுபோல
ஓரம் பழுத்திருக்க வேண்டும்.
அதற்கொரு ஸ்ப்ரே வந்திருக்கிறது,
டப்பாமேல் மஞ்சள் எண் மூன்று.
ஒரு கை கூடினால் மூத்திரக் கறை,
ஒரு கை குறைந்தால் புதுசு.
இரண்டும் ரிஜெக்ட்.

ஷூவின் நாக்கில் ஒரு கரடி.
ஒற்றைக் காது, நெற்றியில் டார்ச்.
எந்த நாட்டு டிவியிலோ
சனிக்கிழமை காலையில் வந்துகொண்டிருந்ததாம்.
மெர்ச்சண்டைசர் முதஸ்ஸிர் போனில் காட்டினார்:
கரடி பள்ளத்தில் விழுகிறது, எழுகிறது,
மறுபடி அதே பள்ளம்.
பின்னால் யாரோ கும்பலாகச் சிரிக்கிறார்கள்.
சாப்பிட்டுக் கை கழுவி வந்த நாங்கள் பன்னிரண்டு பேர்
சிரிக்கலாமா என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம்.
"இதைப் பாத்து வளந்த புள்ளைங்களுக்கு
இப்ப நாப்பத்தஞ்சு வயசு.
கையில காசு கீது" என்றார்.

எனக்கும் நாற்பத்தாறு.
அந்தச் சனிக்கிழமைகளில் துத்திப்பட்டில்
நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?
ஞாபகம் வருவதற்குள்
பெல்ட் நகர்ந்துவிட்டது.

முன்பெல்லாம் ஒரே கறுப்பு ஷூ.
ஆறு மாசம், ஒரே லாஸ்ட், ஒரே நூல்,
கண் தூங்கினாலும் கை தைக்கும்.
இது மூவாயிரம் ஜோடி, அவ்வளவுதான்.
இடது காலுக்கு ஊதா லேஸ், வலது காலுக்குப் பச்சை.
போன மாசம் ஒரு சோடா பாட்டில்,
அதற்கு முன்னால் மூக்கு ஒழுகும் ராக்கெட்.
டை பழகுறதுக்குள்ள ஆர்டர் முடிஞ்சிடுது என்று
கிளிக்கிங் கஜபதி
வாரத்தில் நாலு முறை மாற்றுகிறான்.
மாற்றுகிற நேரம் யார் கணக்கிலும் ஏறுவதில்லை.
இன்சென்டிவ் போர்டில் என் பெயருக்கு நேரே
மூன்று மாசமாய் ஒரு கோடு.

அக்டோபர் நாலு, கரடியின் பிறந்த நாள்.
அன்றைக்குக் கடையில் இருந்தாக வேண்டும்.
கப்பல் தவறினால் விமானம்,
விமானக் காசு கம்பெனி தலையில்.
அதனால் ஞாயிற்றுக்கிழமையும்
தெருமுனையில் ஹாரன் அடித்தது பஸ்.

ரிஜெக்ட்டை வெட்ட வேண்டும்.
வெளியே ஒரு ஜோடி கசிந்தாலும் விலை விழுந்துவிடுமாம்.
பையரின் ஆள் வீடியோ எடுக்க,
மேல்பட்டி எஸ்தர்ராணி கத்தி போட,
நான் எண்ணிச் சொல்ல:
நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.
நல்ல தோல்.
கரடியை விட்டுவிட்டு வெட்டினாள் எஸ்தர்ராணி.
"நாக்கையும் வெட்டணும்மா" என்றார் அவர்,
மரியாதையாகத்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க அசல் ஜோடி ஒன்று
பிளாஸ்டிக் பையில் என் மேஜையில் இருந்தது.
ஏலத்தில் எடுத்ததாம்.
என் இரண்டு வருஷச் சம்பளம்.
தினமும் ஐம்பது தடவை அதன் ஓரத்தைப் பார்ப்பேன்.
ஒரு நாள் கவிழ்த்துப் பார்த்தேன்.
வலது குதிகால் வெளிப்பக்கமாய்க் கரைந்திருந்தது.
பிள்ளை காலைச் சாய்த்து நடந்திருக்கிறது.
பெருவிரல் இருக்கும் இடத்தில்
உள்ளிருந்து முட்டிய ஒரு மேடு.
வாங்கித் தந்தவர்கள்
அடுத்த சைஸுக்குக் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டிருப்பார்கள்.
அங்கேயும் தள்ளிப்போடுவார்கள் போல.

ஸ்பெக் ஷீட்டில் தேடினேன்.
மஞ்சள் இருந்தது, லேஸ் இருந்தது.
குதிகால் இல்லை.

பஸ்ஸில் என் நகக்கண்ணைப் பார்த்துவிட்டு
"இன்னாக்கா, மஞ்சளா கீது,
வீட்ல விசேஷமா?" என்றாள் நிரோஷா.
"கரடிக்குப் பொறந்த நாள்" என்றேன்.
அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.
கேட் மூடியிருந்தது.
கன்டெய்னர் கன்டெய்னராகச் சரக்கு வண்டி
சென்னைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.
பழக்கதோஷம்,
எண்ண ஆரம்பித்தேன்.