ஒன்பது கிலோ நானூறு

எடை பார்க்கும் முறை இது:
முதலில் அதைத் தூக்கிக்கொண்டு எந்திரத்தில் ஏற வேண்டும்.
பிறகு இறக்கிவிட்டு நான் மட்டும்.
கழித்தால் வருவது பூனை.
ஒன்பது கிலோ நானூறு.
மற்ற எண்ணை உடனே மறந்துவிடுகிறேன்.

தயாபரன் வாங்கியது. மெயின் கூன்.
எங்கள் கல்யாணப் பத்திரத்தைவிட நீளமான
வம்சப் பத்திரம் அதற்கு.
"ரெண்டு வாரம் பார்த்துக்கொள்" என்று
கால்கரிக்குப் போனான்.
இது இரண்டாவது ஜனவரி.

பத்திரத்தில் இருப்பது வேறு பெயர்.
நான் கூப்பிடுவது குண்டோதரன்.
தயாபரன் ஒரு மதில்மேல் பூனை என்பாள் என் அக்கா.
இந்தப் பூனையை எந்த மதிலும் தாங்காது.
ஃப்ரிட்ஜ் மேல் குதித்தால்
உள்ளே முட்டைகள் நடுங்கும்.

வினிபெக்கில் இன்றைக்கு மைனஸ் முப்பத்தொன்று.
வீட்டுக்குள் ஹீட்டர்
காற்றின் கடைசிச் சொட்டையும் குடித்துவிடுகிறது.
காய்ந்த முடியில் சீப்பு வைத்தால்
பொறி பறக்கும், நிஜமாகவே, நீலமாக.
அதனால் முதலில் கையை நனைத்துத் தடவ வேண்டும்.
பிறகு அகலப் பல் சீப்பு.
பிறகு இரும்புச் சீப்பு, பேன் சீப்புக்கு அண்ணன்.
வால் எளிது. முதுகு அதைவிட எளிது.
பிடரியைச் சீவும்போது உறுமுகிற உறுமலில்
இந்த நேரத்தில் மிக்ஸியா என்று
மேல்வீட்டில் தரையைத் தட்டியிருக்கிறார்கள்.

சிடுக்கு விழும் இடங்கள் வேறு:
காதுக்குப் பின்னால், தொடை இடுக்கில்,
முன்னங்கால் அக்குளில்.
அங்கே சோளமாவு தூவி, விரலால், இழை இழையாக.
கத்தரிக்கோல் மட்டும் கூடாது.
முடி எங்கே முடிகிறது
தோல் எங்கே தொடங்குகிறது என்று
கத்தரிக்கோலுக்குத் தெரியாது.

ஒரு நாள் சீவிய முடியில்
இன்னொரு குட்டிப் பூனை செய்யலாம்.
மீதி என் சீருடையில்.
நான் பேருந்து ஓட்டுகிறேன், பெம்பினா நெடுஞ்சாலையில்.
கருநீல ஜாக்கெட்டில் செம்பட்டை இழைகள்.
"ஆரஞ்சுப் பூனையா?" என்று கேட்டபடி ஏறுவாள்
பல்கலைக்கழக நிறுத்தத்தில் ஒரு மாணவி.
ரசத்தில் ஒரு முடி மிதந்தால்
எடுத்துப் போட்டுவிட்டுக் குடிக்கிறேன்.
தயாபரன் தலைமுடி மிதந்ததற்கு
ஒருமுறை சட்டியோடு கொட்டியிருக்கிறேன்.

டிசம்பரில் ஆள் இல்லாமல் இரட்டை ஷிப்ட்.
மூன்று வாரம் சீப்பைத் தொடவில்லை.
மேலே பார்த்தால் ராஜா போலத்தான் இருந்தது.
தடுப்பூசிக்குப் போன இடத்தில் டாக்டர் ஃப்ரீசன்
முன்னங்காலைத் தூக்கிக் காட்டினார்.
கம்பளி மாதிரி, இல்லை, கால்மிதி மாதிரி
இறுகிப்போய், என் உள்ளங்கை அகலத்துக்கு.
"ஒவ்வோர் அடிக்கும் தோலை இழுத்திருக்கும்" என்றார்.
குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை.
அதுதான் கஷ்டமாக இருந்தது.
மழிக்கும் எந்திரம் ஓடி நின்றது.
கீழே, ரோஸ் நிறத்தில், வாயில்லாத தோல்.

திரும்பும் வழியில் கூண்டைப் பார்த்து
"வலித்தால் சொல்லமாட்டாயா?" என்றேன்.
சொன்ன பிறகு
அது யார் யாரிடம் கேட்ட கேள்வி என்று
அடுத்த நான்கு சிக்னலும் யோசித்தேன்.

நேற்று கால்கரியிலிருந்து செய்தி:
ஈஸ்டருக்கு வந்து கூட்டிப்போகட்டுமா?
பதில் எழுதினேன்.
அகலப் பல் முதலில். தண்ணீரை மறக்காதே.
சோளமாவு கடையில் கிடைக்கும்.
அக்குளைத் தினமும் தூக்கிப் பார்,
மேலே பார்த்தால் தெரியாது.
நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது.
அனுப்பவில்லை.
அழிக்கவும் இல்லை.

இன்றிரவு அவசரத்தில் நானே தண்ணீரை மறந்தேன்.
விளக்கணைத்த அறையில் டிக் என்றொரு பொறி.
இரண்டு பேரும் துள்ளினோம்.
கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்று
என்னையே பார்த்தது குண்டோதரன்.
பிறகு திரும்பி வந்து, யோசித்து,
பாரம் ஏற்றிய படகு சாய்வதுபோல் சாய்ந்து
மழித்த பக்கத்தை மேலே காட்டியது.
ஒரு நெல்மணி நீளத்துக்கு முளைத்திருக்கிறது.
இதற்குச் சீப்பு வேண்டாம். விரல் போதும்.

மணி பதினொன்று.
நாலேகாலுக்கு டிப்போவில் இருக்க வேண்டும்.
வலப்பக்கம் முடிந்தது.
இடப்பக்கம் நாளைக்கு.