குறுக்கீடு எண் மூன்று

கிளாக்ஸ்விக் துறைமுக ஏலக்கூடத்தில்
இரவு பதினொன்றே கால்.
மேசைமேல் மடிக்கணினி. அதன் விலாவில் ஒரு பிளவு.
பிளவுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அட்டைகள்:
கீழே மோடம், மேலே வலையமைப்பு.
சனிக்கிழமை வரை
ஓர் உறையில் இரண்டு வாள்
உரசாமல்தான் இருந்தன.

ஞாயிறன்று மர்யுனின் மருமகன்
தொண்ணூற்றைந்தை எடுத்துவிட்டுத்
தொண்ணூற்றெட்டைப் போட்டான்.
"எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்" என்றானாம்.
கண்டுபிடித்தது.
அதுதான் வம்பு.

நான் கணினிக்காரன் அல்ல,
படகுகளில் எதிரொலிமானி பழுதுபார்ப்பவன்.
ஆனால் இந்தத் தீவில்
கம்பி முளைத்த எதற்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.
"ஹனுஸ், வா" என்றாள் தொலைபேசியில்.
"எடைமேடையிலிருந்து கணக்கு வந்தால்
வாங்குபவனுக்குப் பட்டியல் போகமாட்டேன் என்கிறது.
பட்டியல் போனால் கணக்கு வருவதில்லை.
மூன்று நாளாக ஒன்றைப் பிடுங்கி ஒன்றைச் செருகுகிறேன்.
ஒவ்வொரு தடவையும் அணைத்துப் போட ஆறு நிமிடம்.
அதற்குள் அபர்தீன்காரன் வேறு துறைமுகத்துக்குப் போய்விடுகிறான்."

அட்டையைத் தள்ளினால் இரண்டு ஒலி.
இரண்டும் ஏறினால் ஏற்றுக்கொண்டது.
இரண்டாவது இறங்கினால்
வாசலிலேயே நிறுத்திவிட்டது.
காதால் பிழைப்பவன் நான்.
பன்னிரண்டு முறை தள்ளினேன்,
பன்னிரண்டு முறையும் இறங்கியது.

சாதனப் பட்டியலைத் திறந்தேன்.
மோடத்தின் நெற்றியில் மஞ்சள் வட்டம்,
நடுவில் கறுப்பு ஆச்சரியக்குறி.
பத்தாம் எண்ணில் வலையமைப்பு.
அதே பத்தாம் எண்ணில்,
அதன் மடியில் உட்கார்ந்தாற்போல், மோடம்.
இருவரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்க,
யார் கூப்பிட்டது என்று தெரியாமல்
விழித்துக்கொண்டிருக்கிறது இயந்திரம்.

சண்டை அவர்களுக்குள் என்றுதான் நினைத்தேன்.
மோடத்தைத் திட்டினேன். வலையமைப்பின்
வட்டுகளைத் தேடி அலமாரியைக் கவிழ்த்தேன்.
மர்யுன் காப்பி ஊற்றினாள், பேசவில்லை.
வெளியே ஸ்வார்ட்பாக்குர் கரையணைந்தது.
பனிக்கட்டிப் பெட்டிகள் இறங்கும் சத்தம்.
ஒன்றரை.

பிறகுதான் கேட்டேன்:
"பழைய கணக்கில் மோடம் எங்கே இருந்தது?"
அவளிடம் இருந்தது.
மீன் எடைக்கு நடுவே, நாலாண்டுக்கு முன்
நீல மையில் எழுதி வைத்திருக்கிறாள்:
*மோடம், மூன்று.*
ஏன் எழுதினாள் என்று கேட்டதற்கு
"எண் என்றால் எழுதுவேன்" என்றாள்.

மூன்றில் யார்?
பட்டியலின் அடிமட்டத்தில், குறியேதும் இல்லாமல்,
நல்ல பிள்ளையாய்
அகச்சிவப்புத் துறை.
பழைய மென்பொருள் அதை எழுப்பவே இல்லை.
புதியது வந்ததும் தட்டி எழுப்பி
நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறது.
வைக்கோற்போரில் படுத்த நாய்.
தனக்கும் வேலையில்லை, எழுந்தும் போகாது.

முடக்கினேன். அணைத்தேன். ஆறு நிமிடம்.
அந்த ஆறு நிமிடமும்
நாங்கள் இருவரும் ஜன்னலைத்தான் பார்த்தோம்,
திரையைப் பார்த்தால் கோபித்துக்கொள்ளும் என்பதுபோல.

ஏறியது ஓர் ஒலி.
ஏறியது இன்னொன்று.
மோடம் தொண்டையைச் செருமி, கிறீச்சிட்டு,
கடலுக்கு அந்தப் பக்கம் யாரையோ எழுப்பியது.
ஸ்வார்ட்பாக்குர்: ஹேடாக் பதினோரு டன், காட் நான்கு.
எடை வந்துகொண்டிருக்கும்போதே பட்டியல் போனது.
மர்யுன் சிரிக்கவில்லை.
நோட்டுப் புத்தகத்தைத் திறந்து
*அகச்சிவப்பு, முடக்கம்* என்று எழுதித் தேதியிட்டாள்.

கிளம்பும்போது கேட்டாள்:
"அது எதற்கு, அந்தத் துறை?"
இயந்திரத்தின் பின்புறம் காட்டினேன்,
சிவந்து கறுத்த, விரல்நகம் அளவு கண்ணாடி.
"எதிரே இன்னொன்றை வைத்தால்
கம்பி இல்லாமல் பேசிக்கொள்ளும்."
"நாலு வருடமாக எதிரே என்ன இருக்கிறது?"
"சுவர்."

சற்று யோசித்தாள்.
குடித்து முடிக்காத காப்பிக் கோப்பையை எடுத்து
அதன் முன்னால் வைத்தாள்.
செய்தித்தாளில் சுற்றிய இரண்டு ஹேடாக்கை
என் கையில் திணித்து
விளக்கை அணைத்தாள்.