குளிர் ஜக்கெற்

கட்டிலுக்குக் கீழே ஒன்பது வருஷம்
அந்தச் சூட்கேஸ்.
கூட்டும்போதெல்லாம் விளக்குமாறு அதில் இடிக்கும்.
இடித்தால் நான் சொல்வேன்:
"இன்னும் கொஞ்ச நாள்தான்."

அதற்குள்ளே
எமில்டா அக்கா ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய குளிர் ஜக்கெற்,
நாலு பூச்சி உருண்டை,
ஒரு சோடி கம்பளிக் காலுறை.
"இறங்கினவுடனை போடு, மறந்திடாதை"
என்று அவளின் கையெழுத்தில் ஒரு துண்டு.

மூன்று தரம் கொழும்புக்குப் போனேன்.
விரலடையாளம் எடுத்த பிள்ளை
நண்டு கீறிய கீறல்களைக் கண்டு
திரும்பத் திரும்ப அழுத்தச் சொன்னாள்.
கடைசியாய் வந்த கடிதத்தில்
வருந்துகிறோம் என்று இருந்தது.
யார் வருந்தியது என்று இல்லை.

அந்த ஒன்பது வருஷமும்
நான் பாசையூரில் வாழ்ந்தேன் என்று சொல்லமாட்டேன்.
குந்தியிருந்தேன்,
பஸ் தரிப்பில் குந்துகிற மாதிரி.
வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கவில்லை.
முருங்கைத் தடியோடு வந்த பெர்னதெற்றை
வாசலிலேயே திருப்பிவிட்டேன்,
"காய்க்க முதல் நான் போயிடுவன்" என்று.
அவளின் மதிலுக்கு மேலால் இப்போது
என் பக்கம் தொங்குகிறது காய்.

கோயிலிலும் அப்படித்தான்.
நன்றி சொல்வதைக்கூட
போய்ச் சேர்ந்த பிறகு என்று
ஆண்டவரிடம் கடன் சொல்லி வைத்திருந்தேன்.

தவக்காலத்தில் ஒரு செவ்வாய்.
நண்டுக் கொம்பனியில் குளிரறைக்கு ஆளில்லை,
முந்தி நின்ற பொடியன் கட்டாருக்குப் போய்விட்டான்.
நவமலர் கேட்டாள்:
"மெற்றில்டாக்கா, நிப்பியளே?
மைனஸ் பதினெட்டு.
எங்களிட்டை உடுப்புக் காணாது."

வீட்டுக்கு வந்து சூட்கேஸை இழுத்தேன்.
சிப் இறுகிக் கிடந்தது,
மெழுகுதிரி தேய்த்துத் திறந்தேன்.
மறுநாள், பங்குனி வெயிலில்,
தார் இளகிய வீதியால்
சைக்கிள் கூடையில் பனிக்கால உடுப்போடு போனேன்.
மீன் வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள்.
எனக்கும் சிரிப்பு வந்தது.

கதவு சாத்துப்பட்டது.
மூச்சு வெள்ளையாய்ப் போனது.
பயத்தில் வாய் தன்பாட்டில்
பரலோக மந்திரம் சொல்லத் தொடங்கியது.
உணவு கேட்கிற இடத்தில்
"இன்று" என்ற சொல்
சோற்றில் கல் மாதிரிக் கடிபட்டது.
நாற்பது வருஷமாய் விழுங்கிய சொல்.
பெட்டிகளை அடுக்கியபடி தேடிப் பார்த்தேன்.
அந்தச் செபத்தில் எங்கேயும்
நாளைக்கு என்று ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

புதிதாய் வந்த றொசாலினுக்குப் பல்லுக் கிட்டியது.
இருபது நிமிஷத்துக்கு ஒருக்கால்
ஜக்கெற்றை மாற்றிக்கொண்டோம்.
திரும்ப என்னிடம் வரும்போது
கைகளுக்குள் அவளின் சூடு இருக்கும்.
அளவு இரண்டு பேருக்கும் பெரிது.
அக்கா எதற்கும் இருக்கட்டும் என்று பெரிதாய் வாங்கியிருக்கிறாள்.

ஞாயிறு பூசை முடிய அவள் எடுத்தாள்.
"என்னடி, அங்கை வெக்கையோ?"
"இல்லையக்கா, நல்ல குளிர்.
ஜக்கெற் போட்டிட்டன்."
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை அவள்.
பிறகு இருவரும் சிரித்து, பிறகு அழுது,
பிறகு கூப்பன் முடிந்துவிட்டது.

பெர்னதெற்றிடம் போய்த் தடி கேட்டேன்.
மழை வரட்டும் என்றாள்.
"இல்லை, இண்டைக்கே தா.
தண்ணி நான் ஊத்துறன்."

ஜக்கெற்றில் நண்டு மணம்.
மூன்று தரம் தோய்த்தும் போகவில்லை.