நி

பதினோராம் மாடி அவசரப் படிக்கட்டில்
எதிரொலி நன்றாக இருக்கும்.
தாய் செங்கில் எங்கள் கட்டடத்தில்
ஒழுங்காக வேலை செய்வது அது ஒன்றுதான் என்பாள் ஹஸ்லிண்டா.
அதையும் ஒருமுறை
பிழை என்று எழுதிப் போட்டவள்.

ஆறு வருடம்
நான் எழுதியதையெல்லாம் உடைத்துக் காட்டினாள்.
பெயர் கேட்கும் கட்டத்தில் நாற்பது எண்களை அடிப்பாள்.
பணம் கட்டும் பொத்தானை அழுத்திவிட்டு
மின்தூக்கிக்குள் நுழைந்துகொள்வாள்,
சிக்னல் அறுந்தால் என்ன ஆகும் என்று பார்க்க.
என்ன ஆகும்,
அன்று இரவு நான் வீட்டுக்குப் போக மாட்டேன்.

வெள்ளிக்கிழமையோடு வேலையை விடுகிறாள்.
கூச்சிங்குக்கே திரும்புகிறாள்.
ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டுக்
கைப்பை வாங்கலாம் என்றார்கள்.
செயலி ஒன்று செய்து தருகிறேன் என்றேன்.
சொன்ன பிறகுதான்
நாலே நாள் இருப்பது உறைத்தது.

ஏழு பொத்தான், ஏழு சுரம்.
தொட்டால் நாங்கள் பாடுவோம்.

ச-வுக்கு மேலாளர் கெல்வின் ஓங்.
படிக்கட்டுக் கதவை இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு
கண்ணை மூடி ஒரு 'சா'.
அவ்வளவு சுத்தமாக வரும் என்று யார் கண்டது.
ரி, துப்புரவு செய்யும் கோ ஆன்ட்டி.
ஆறு முயற்சியிலும் சிரிப்புதான் வந்தது,
சிரிப்பையே வைத்துக்கொண்டேன்.
க ஜோசலின்.
ருஸ்லான் 'ஃபா' என்றுதான் பாடுவேன் என்றான்,
பாடட்டும்.
பாட்டு வகுப்பைப் பாதியில் விட்ட பழைய கோபத்தோடு
பஞ்சமத்தைப் பிடித்தாள் மெய்யம்மை.
த-வில் சுங் வெய் இருமிவிட்டான்.
இருமலை வெட்டி எடுக்க ஒரு மணி நேரம்,
அது இல்லாமல் அவன் இல்லை என்று
திரும்ப ஒட்ட இரண்டு நிமிடம்.

நி என்னுடையது.

வியாழன் இரவு, மழை.
ஃபோனை நெஞ்சுக்கு நேரே பிடித்து
வாயைத் திறந்தேன்.
குறுக்கினால் நி.
கொஞ்சம் நீட்டிவிட்டால் நீ.
நீட்டாமல் ஒரு சுரத்தை எப்படிப் பாடுவது?
அவளுக்குத் தமிழ் தெரியாதுதான்.
மெய்யம்மைக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும்.

பதினேழு பதிவிலும்
மழை, கீழே சாலையில் ஒரு லாரி,
உள்ளே இழுத்த மூச்சு.
மணி இரண்டரை.
பதினேழாவதை அப்படியே ஏற்றினேன்.

கேக், காகிதத் தட்டுகள், சுற்றிலும் எல்லாரும்.
அவள் தொட்டாள்.
கெல்வின் ஓங் பாடியதும் மேசைகளைத் தட்டினார்கள்.
திரைக்குள் கோ ஆன்ட்டி சிரிக்க
கதவோரம் கோ ஆன்ட்டி அழுதார்.
அந்த அமளியில்
நி யார் காதிலும் விழவில்லை.
அவள் காதிலும்தான், என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை
சாங்கியில் விமானம் ஏறும் வரிசையில் நின்றபடி
அனுப்பியிருந்தாள், கடைசிப் பிழை அறிக்கை.

பொத்தான் ஏழு.
எதிர்பார்த்தது: உன் குரல்.
கிடைத்தது: மழை. பிறகு யாரோ மூச்சை இழுக்கும் சத்தம்.
முப்பது முறை தொட்டேன். ஒவ்வொரு முறையும் இதேதான்.
தீவிரம்:

அதற்கு எதிரே ஒன்றும் இல்லை.
ஆறு வருடத்தில் அவள்
நிரப்பாமல் விட்ட முதல் கட்டம்.

'பிழை அல்ல, இப்படித்தான் வடிவமைத்தது' என்று
மூடிவிடலாம். இரண்டே சொடுக்கு.
உணவங்காடி மேசையில்
தே சி ஆறி
ஆடை கட்டிவிட்டது.