எட்டு குறைவு

ஹம்பர் ஆறு கடலில் விழும் இடத்தில் ஒரு நகராட்சி.
சங்க உறுப்பினர்கள் ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
பாதிப் பேராவது வாக்களிக்க வேண்டும் என்கிறது சட்டம்:
அறுநூற்று ஆறு.
தபாலில் திரும்பி வந்த உறைகள்
ஐந்நூற்றுத் தொண்ணூற்று எட்டு.
வேலைநிறுத்தம் வேண்டும் என்றவை அவற்றில்
ஐந்நூற்று எழுபத்தொன்று.
ஆகவே வேலைநிறுத்தம் இல்லை.

பள்ளிச் சமையலறையில் தட்டுகளை அடுக்கிவிட்டு வந்த லொரெய்ன்
கிளையின் துணைச் செயலாளர்.
சம்பளமில்லாத பதவி, சாவி மட்டும் உண்டு.
எட்டே எட்டுப் பேர், கதவைத் தட்டியிருந்தால் ஆயிற்று என்று
காலம் கடந்தபின்
பட்டியலை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.

பீட்சா விளம்பரம் என்று நினைத்திருந்தான் ஒருவன்.
ஒருத்தி வீடு மாறி இரண்டு வருடம்.
நூலகத்துப் பையன், இருபத்து மூன்று வயது,
தபால்பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டான்.
கேலி இல்லை, உண்மையாகவே கேட்டான்.

இவான் மறக்கவில்லை.
வீடுவீடாய்ப் போய் நோயாளிகளைக் குளிப்பாட்டுகிறவள்.
பிரிக்காத உறையை ஃபிரிட்ஜின் மேல் நிறுத்தி வைத்திருந்தாள்,
யாராவது வந்தால் பார்க்கட்டும் என்று.
"குப்பை லாரி ஆண்களுக்குப் போனஸ்.
மலச்சட்டி தூக்கிய எங்களுக்கு, அடுத்த வருடம் பார்க்கலாம்.
அந்தக் காகிதத்தில் முதல் கையெழுத்து
நகராட்சியுடையது இல்லை, உங்களுடையது.
அடுத்த வருடம் வந்து பதினாறு வருடம் ஆகிறது."
லொரெய்ன் வாய் திறக்கவில்லை.
அன்று கை தூக்கியவர்களில் அவளும் ஒருத்தி.

கொதிகலன் ஆவியில் முழங்கை வெந்தபோது
'பணியாளரின் கவனக்குறைவு' என்று எழுதப்போன பேனாவை
நிறுத்தியதும் இதே சங்கம்தான்.
அந்தத் தழும்பைக் காட்டலாமா என்று
கோட்டின் கையை மடிக்கப் போனாள்.
பிறகு மடித்ததை இறக்கிவிட்டாள்.

தலைமையகத்திலிருந்து வாரம் ஒரு மின்னஞ்சல்:
நாங்கள் உங்களுக்காகப் போராடுகிறோம்.
முன்பெல்லாம் நாம் என்று இருந்திருக்க வேண்டும்.
அந்த ஊர் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்.
எந்தக் கூட்டத்தில், எத்தனையாவது தீர்மானத்தில்
ஒன்று மற்றொன்றானது என்று
நடவடிக்கைக் குறிப்பில் இல்லை.

கடைசி வீடு டெரிக் ஹாப்வுட்டுடையது, லாரி ஓட்டுநர்.
கதவைத் திறந்தது மனைவி ஹேசல்.
"அவர் மார்ச்சிலேயே போய்விட்டாரே."
பட்டியலில் இருந்து பெயர் போகவில்லை.
வாக்களிக்காதவர் கணக்கில்
டெரிக் இந்த முறை நிர்வாகத்துக்குத் துணைநின்றார்,
முப்பத்தொரு வருடத்தில் ஒரு மறியலையும் தவறவிடாத மனிதர்.
அதைச் சொன்னதும் ஹேசல் சிரித்தாள்,
சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள்.

பிறகு வங்கிக் கணக்குத் தாளைக் கொண்டுவந்தாள்.
ஏப்ரல், மே, ஜூன், ஜூலை:
மாதம் பதினான்கு பவுண்டு, சந்தா.
"இறந்தவருக்கு என்ன செய்கிறீர்கள் நீங்கள்?"
கோபமாகக் கேட்கவில்லை.
தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

லொரெய்ன் தலைமையகத்தை அழைத்தாள்.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்.
ஒரு வயலின்.
நீங்கள் வரிசையில் பதினோராவது.
மறுபடி அதே வயலின்.
தேநீர் ஆறி மேலே ஆடை கட்டியது.
இன்னொரு கெண்டி போட்டார்கள்.
நீங்கள் வரிசையில் பதினோராவது.

வெட்கத்தில் லொரெய்ன் இணைப்பைத் துண்டிக்கப் போனாள்.
ஹேசல் போனைப் பிடுங்கி
சர்க்கரைக் கிண்ணத்தின் மேல் சாய்த்து
ஒலியைக் கூட்டினாள்.
"வைக்காதே" என்றாள்,
"நமக்கு முன்னால் பத்துப் பேர்தானே."