கடைசி வண்டி

கடைசியாக வருபவருக்குப் பின்னால்
முதல் கியரில் ஊர்வதுதான் என் வேலை.
நாற்பது யூரோ படி, ஒரு ரொட்டிப் பொட்டலம்.
வார நாட்களில் இதே வேனில்
த்ரியெஸ்தே நகராட்சியின் குப்பைத் தொட்டிகள் போகும்.
எத்தனை கழுவியும் வாடை இறங்கவில்லை.

சிஸ்தியானாவில் துப்பாக்கி வெடித்தபோது
எனக்கு முன்னால் மூவாயிரம் முதுகுகள்.
கால் மணி நேரத்தில் ஒரே முதுகு.
எண் 1408. ஊதாச் சட்டை.
நிறைந்த வாளியை ஒரு கையில் தூக்கிப் போகிறவள் போல
இடது தோள் சரிந்த ஓட்டம்.

எட்டாவது கிலோமீட்டரில் கண்ணாடியை இறக்கினேன்.
"ஏறிக்கொள்கிறீர்களா?"
"இதுதான் முதல் தடவை" என்றாள்.
அது பதிலா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பேர் நீவெஸ். ஐம்பத்து மூன்று வயது.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு
இஸ்திரி போடுகிறாள்.
டாக்டர் நடக்கச் சொன்னாராம்.
நடப்பது அலுப்பாக இருந்ததாம்.
இவ்வளவையும் நான் கேட்டு வாங்கியது
நான்கு கிலோமீட்டரில்,
மூச்சுக்கு ஒரு சொல்லாக.

மேசையை மடித்துக்கொண்டிருந்த பையன்கள்
அவளைக் கண்டு மறுபடி விரித்தார்கள்.
ஒரே ஒரு கோப்பைத் தண்ணீருக்காக.

வேனுக்குள் ஏற்கெனவே ஆறு பேர்.
கணுக்கால் பிசகிய பல் மருத்துவர்,
ஒரே போர்வைக்குள் இரண்டு மாணவிகள்,
எவரிடமும் பேசாத ஒரு கணவன்,
அவன் மனைவி,
வாழைப்பழம் தின்றுகொண்டே இருந்த ஒருவர்.
"அந்த அம்மாவையும் ஏற்று, வீட்டில் சாப்பாடு ஆறுது"
என்றார் பல் மருத்துவர்.

பிறகு போரா வந்தது.
மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் எங்கள் ஊர்க் காற்று,
யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.
எண் அட்டையின் இரண்டு ஊசிகளைப் பிடுங்கியது.
அவள் அட்டையின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடினாள்.
ஓடினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது.

மிராமாரே பக்கத்துக் குகைப்பாதையில்
முகப்பு விளக்கைப் போட்டேன்.
அவள் நிழல் நெடுநெடுவென எழுந்து
அவளுக்கு முன்னால் போனது.
அதையாவது முந்திவிட மாட்டாளா என்று
எனக்கு ஒரு நப்பாசை.

பார்கோலாவில் ரேடியோ கரகரத்தது:
"மூன்று மணி நேரம் ஆச்சு. சாலையைத் திற."
சொன்னேன். இதைச் சொல்லத்தான் எனக்குப் படி.
அவள் அட்டையைப் பல்லிலிருந்து எடுத்தாள்.
"நடைபாதையை எத்தனை மணிக்கு மூடுவீர்கள்?"
கேட்டுவிட்டு ஓரக்கல்லில் கால் வைத்து ஏறினாள்.
துண்டு விரித்துச் சீட்டாடிக்கொண்டிருந்த கிழவர்கள்
கால்களை மடக்கி வழிவிட்டார்கள்.

என் வேலை அங்கேயே முடிந்துவிட்டது.
மூன்றாம் கியர் போட்டிருக்கலாம்.
பின்னால் ஒரு கார் ஹாரனை அமுக்கி எடுக்கவே இல்லை.
அபாய விளக்கைச் சிமிட்டவிட்டு
ஓரமாகவே ஊர்ந்தேன்.
"இன்னும் மெதுவா" என்றார் பல் மருத்துவர்,
சாப்பாட்டை மறந்து.

இருபத்தொரு கிலோமீட்டர் முடிந்தும்
கொசுறாகத் தொண்ணூற்றேழு மீட்டர்.
எந்தக் கடைக்காரன் அளந்து போட்டானோ.
அங்கேதான் அவள் ஒரு முறை நின்றாள்,
விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு.
வேனில் ஒருவரும் மெல்லவில்லை, பேசவில்லை.
மறுபடி அந்த இடது தோள் அசைந்தது.

சதுக்கத்தில் வரவேற்பு வளைவு
காற்று போய், உலரப்போட்ட ஜமுக்காளமாகக் கிடந்தது.
கடிகாரத்தைக் கழற்றிவிட்டிருந்தார்கள்.
"கோடு எங்கே?" என்றாள்.
கம்பளம் சுருட்டிக்கொண்டிருந்தவன்
பசை நாடா பிய்த்த தடத்தைக் காலால் காட்டினான்.
அதைத் தாண்டினாள்.
ஒரு பத்தடி அப்பாலும் போனாள், சந்தேகத்துக்கு.

என் படிவத்தில் இரண்டே கட்டம்:
ஏற்றியவர்கள், எல்லை தொட்டவர்கள்.
இரண்டாவது என் பொறுப்பில்லை.
முதலாவதில் ஆறு என்று எழுதி, கையெழுத்திட்டு,
மடித்துப் பையில் வைத்தேன்.

கண்ணாடியில் தட்டும் சத்தம்.
உதட்டோரம் காகிதத் துணுக்கு, முழங்காலில் உப்பு.
"ஞாயிற்றுக்கிழமை, பஸ் இல்லை" என்றாள் நீவெஸ்.
"இப்போது ஏறிக்கொள்ளலாமா?"