பார்க்க வேண்டிய இடங்கள்

ஜெனீவாவில் ஏரித் தண்ணீர்
நூற்றிநாற்பது மீற்றர் எழும்பி நிற்பதை
அம்மா ஒரு நிமிஷம் பார்த்தாள்.
"எங்கட குழாயில வராததெல்லாம்
இஞ்ச வந்து நிக்குது" என்றாள்.
பிறகு தெருமூலையில்
ஒரு மஞ்சள் தபால் பெட்டியைத் தடவியபடி
வெகுநேரம் நின்றாள்.

முப்பத்தொரு வருஷம்
புளியந்தீவுத் தபால் கந்தோரில்
இரண்டாவது யன்னல் அவளுடையது.
லொசான், லுசேர்ன், தூண், சூக்...
ஏரியோரத்து ஊரெல்லாம்
கிராம் கணக்கில் தெரியும் அவளுக்கு.
எழுதத் தெரியாத தாய்மாருக்கு
முகவரி எழுதிக் கொடுத்த கை.
"படத்தில பாத்த ஊருகள் இல்ல மனே,
எழுத்துக் கூட்டி அறிஞ்ச ஊருகள்."

சீட்டுக் காசு விழுந்தது.
என் வங்கிக் கடிதம், அவள் பென்ஷன் புத்தகம்,
கொழும்பில் இரண்டு தரம் வீசா வரிசை.
பதினொரு நாள் போய் வந்தோம்.

லுசேர்ன் மரப்பாலத்தில்
எல்லாரும் கூரைச் சித்திரங்களை அண்ணாந்து பார்க்க
அம்மா பலகையின் ஆணிகளைக் குனிந்து எண்ணினாள்.
சூரிச்சில் அன்னம் கண்டாள்.
பாணைப் பாலில் நனைத்து எறிந்து பார்த்தாள்.
பிரிக்கவில்லை. மொத்தமாய் விழுங்கிற்று.
"பசி வந்தா ஆர் பிரிக்கிற?" என்று
அதற்காக வக்காலத்தும் வாங்கினாள்.

பீல் என் பட்டியலில் இல்லை.
அவள் கைப்பையில் இருந்தது,
நாலாய் மடித்த ஒரு தாளாக.
அந்த ஊரில் தெருப்பலகை இரண்டு மொழியில்.
அம்மா கிட்டப் போய் விரலால் அளந்தாள்.
"ரெண்டு எழுத்தும் ஒரே அளவுகா."
அதை எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்,
கேட்கக் கூடாதவர்கள்
அங்கேயும் நிற்பதைப் போல.

பதினேழாம் இலக்கம். சாம்பல் நிறக் கட்டடம்.
தொண்ணூற்றிரண்டில் தொடங்கி
ஞானப்பூ அக்கா இங்கே போட்ட கடிதங்களில்
முதல் மூன்றுக்குப் பதில் வந்தது.
மிச்சமெல்லாம் ஊதா முத்திரை குத்துப்பட்டு
அம்மாவின் யன்னலுக்கே திரும்பின.
போகும்போது நிறுத்தவளும் அவள்.
வரும்போது
கையில் கொடுத்தவளும் அவள்.

கதவடியில் ஒன்பது பொத்தான்.
எட்டில் பெயர்.
விரலை நீட்டினாள். மடக்கினாள்.
"படம் ஒண்டு எடு" என்றாள்.
அன்று பின்னேரப் படகில்
கரையின் திராட்சைத் தோட்டங்களை
ஒலிபெருக்கி இரண்டு மொழியில் விளக்கியது.
அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
காலைப் பார்த்துக் கொண்டிருந்தாள்.

வந்த மூன்றாம் நாள்
நேரம் பிசகிய தலையிடியோடு ஓட்டோ பிடித்தோம்.
கல்லடிப் பழைய பாலத்தில்
ஒரு வெள்ளைக்காரத் தாயும் மகளும்
வாவியைப் பின்னால் வைத்து
தங்களைத் தாங்களே படம் பிடித்தார்கள்.
"மெதுவாப் போ தம்பி" என்றாள் அம்மா.
"எந்த ஏரிக்கரையில இருந்து வந்ததுகளோ.
தாய்க்குத் தொப்பி காணாது."

நாவற்குடா.
ஞானப்பூ அக்கா முற்றத்துச் சாக்கில்
கூனி இறால் காயப் போட்டிருந்தா.
சொக்கலேற்றை வாங்கிப் பக்கத்தில் வைத்தா.
எப்பிடிப் பயணம், குளிரா, சாப்பாடென்ன,
ஒன்றும் கேட்கவில்லை.
ஃபோனை மட்டும் வாங்கி
இரண்டு விரலால் படத்தை அகட்டினா,
பெயர்கள் புள்ளியாய்ச் சிதறும் வரை.

"இதில எது என்ட புள்ளைட?"

அம்மா
பெயரில்லாத பொத்தானைத் தொட்டாள்.

திரை இருண்டது. நான் மறுபடி வெளிச்சமாக்கினேன்.
காகமொன்று சாக்கோரம் வந்து
விரட்டாமலே போனது.

"அங்கயிருந்து தண்ணி தெரியுமா?"

"முன்பக்கம் தெரியாதுக்கா" என்றாள் அம்மா.
"குசினி யன்னலால தெரியும்."